கவுன்டரில் இரண்டு இடம்

எங்கள் பத்தாவது கல்யாண நாள் விருந்துக்கு என் கணவர் தன் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

நான் அலுவலகத்திலிருந்து நேராக வந்து அந்த ஜப்பானிய உணவகத்தின் வாசலில் காத்திருந்தேன். கார் நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கியவள் என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. என் மனசுக்குள் அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் விசில்.

"அக்கா வீட்ல தனியா இருந்தாங்கம்மா. இன்னிக்குப் போய் எப்படி விட்டுட்டு வர்றது?" என்றார் கணவர்.

"இருபது வருஷமா தனியாத்தான் இருக்காங்க," என்றேன்.

"எனக்குக் கேக்குது," என்றாள் விசில். "முட்டிதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

அந்த உணவகத்தில் மேஜைகள் கிடையாது. சமையல்காரருக்கு எதிரே ஒரே ஒரு நீளக் கவுன்டர். எட்டு நாற்காலிகள். ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். என்ன சாப்பிடுவது என்பதை அவர் முடிவு செய்வார். நாம் சாப்பிட வேண்டியதுதான். இரண்டு மாதத்துக்கு முன்பே இரண்டு இடம் பதிவு செய்திருந்தேன்.

அந்த விருந்து நாளிலேயே எனக்கு ஒரு கெடுவும் சேர்ந்துகொண்டது. நான் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில், பராமரிப்புப் பிரிவு. ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் அந்தப் பிரிவுக்கே என்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். வருகிறேனா இல்லையா என்று இன்று இரவு ஒன்பது மணிக்குள் சொல்லியாக வேண்டும். கணவரின் கம்பெனிக்கும் அங்கே கிளை உண்டு. அவர் கேட்டால் மாற்றிக்கொடுப்பார்கள்.

தடை ஒன்றே ஒன்றுதான். அது விசில்.

"அக்கா நம்ம மாடி அறைக்கு வந்துடறேங்கறாங்க. நாம ஊரைவிட்டுப் போனா உயிரையே விட்டுடுவேன்னு அழறாங்க. நான் என்ன பண்றது?" கணவர் ஒரு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அவளை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வரவேற்பில் நின்ற பெண் எங்கள் மூவரையும் எண்ணினாள். "மேடம், உங்களுக்கு ரெண்டு இடம்தான். கூடுதலா நாற்காலி போட முடியாது." பிறகு மூக்கை லேசாக உயர்த்தினாள். "மன்னிக்கணும். சார் சென்ட் போட்டிருக்கார். உள்ள விட முடியாது. பக்கத்துல இருக்கறவங்களுக்கு மீனோட வாசனையே தெரியாம போயிடும். மெயில்லயே எழுதியிருந்தோமே."

அந்த மெயிலை அவருக்கு மூன்று முறை அனுப்பியிருந்தேன். மனிதர் கழுத்து, மணிக்கட்டு, கோட்டின் உள்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் அடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"நான்தான் வாங்கிக் கொடுத்தேன்," என்றாள் விசில். "ஆசையாப் போட்டுக்கிட்டான். அதுக்குமா தடை?"

"சரி, விடுங்க," என்றார் கணவர். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. "அக்காவுக்கும் இந்தப் பச்சை மீனெல்லாம் ஒத்துக்காது. மூணு பேரும் வேற எங்கயாவது போய் நிம்மதியா சாப்பிடலாம்."

"நான் இங்கதான் சாப்பிடப் போறேன்," என்றேன். "நீங்க உங்க அக்காவைக் கூட்டிட்டு எங்க வேணும்னாலும் போங்க."

"எனக்கு ஒத்துக்காதுன்னு யார் சொன்னா?" என்றாள் விசில். "ரெண்டு சீட் இருக்குல்ல? நான் வந்தது இவளுக்குப் பிடிக்கல. அதுக்காகவே உள்ள போறேன்."

கணவர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். "வேணாங்க்கா. நீங்க ரெண்டு பேரும் தனியா..."

"தனியா என்னடா?"

"சண்டை போட்டுக்குவீங்க."

"போட்டுக்கறோம்," என்று கையை உதறினாள். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

வெளிறிய மரத்தில் இழைத்த கவுன்டர். மற்ற ஆறு பேரும் கோவிலுக்கு வந்தவர்கள் போல அமைதியாக உட்கார்ந்திருந்தனர். சமையல்காரர் மொட்டைத் தலையர். கழுவிக் கழுவிச் சிவந்த கைகள். கட்டைவிரல் அளவு சோற்றை உருட்டி, மேலே வெள்ளை மீன் துண்டு ஒன்றை வைத்து, எங்கள் முன் கறுப்புக் கல்லில் வைத்தார். "கையால எடுத்து உடனே வாயில போட்டுக்கணும். சோறு ஆறக் கூடாது."

சாப்பிட்டோம். வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் விசில், குறை சொல்லும் குரலிலேயே. "இதையெல்லாம் என்னைச் செய்யச் சொல்லிடாத. எனக்கு வராது."

"உங்களை யாரு செய்யச் சொன்னா?"

"சமையலுக்கு ஆள் வேணும்னுதானே மாடி அறையை ஒழிச்சு வச்சிருக்க."

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது துண்டு வந்துவிட்டது. அதை மென்று விழுங்குவதற்குள் என் ரத்தம் கொதித்துவிட்டது.

"நீங்க வந்தே தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னதாலதான் ஒழிச்சேன்," என்றேன் குரலை அடக்கி.

"ஒத்தக்கால்ல நிக்கற முட்டியாடி இது? காலைல அஞ்சு மணிக்கு எனக்கு மைதானத்துல வேலை. என் வீட்லேர்ந்து நடந்து போயிடுவேன். உன் வீட்லேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். நான் எதுக்கு உன் வீட்டுக்கு வர்றேன்னு நிக்கணும்?" அவள் கிசுகிசுப்பே நாலு பேருக்குக் கேட்டது. "வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பாக்க முடியல, உங்க அக்காவை வந்து சமையலைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு நீ கேட்டியாமே. தம்பி ஒரு மாசமா வந்து கெஞ்சறான். பாதி சாமானைக் கட்டிட்டேன். சம்பளம் இல்லாத வேலைக்காரி."

"நான் கேட்கவே இல்ல."

"பின்ன?"

"நீங்கதான் அழுதீங்களாம். நாங்க ஊரைவிட்டுப் போனா உயிரை விட்டுடுவேன்னு."

மூன்றாவது துண்டு அவள் விரல்களுக்கிடையே அந்தரத்தில் நின்றது. "நானா? அழுதேனா? முட்டியை அறுத்தப்பவே அழல."

"மேடம், சோறு ஆறுது," என்றார் சமையல்காரர்.

வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லும்போதும் என்னையே முறைத்தாள். "எந்த ஊர்? யாரு போறது?"

வேலையைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது மணிக் கெடுவையும் சொன்னேன். அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"உனக்குக் கீழ எத்தனை பேரு?"

"நாப்பது மெக்கானிக்."

"லிஃப்ட் பாதியில நின்னா உனக்குத்தான் போன் வருமா?"

"வரும்."

விசில் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். "அவனுக்கு நகரணும்னாலே ஆகாது. ஆனா வேணாம்னு வாயால சொல்ல மாட்டான். நடுவுல யாரையாவது கொண்டாந்து நிறுத்துவான். அப்பாவுக்கு மாற்றல் வந்தப்போ, பள்ளிக்கூடம் மாற இவனுக்கு இஷ்டமில்ல. அக்கா அழறான்னு சொல்லி அப்பாவை ஒரு வருஷம் நிறுத்தி வச்சான். அப்பவும் நான் அழல."

"இவ்வளவு தெரிஞ்சும் அவர் பேச்சை நம்பினீங்களா?"

"உன்னைப் பத்திச் சொன்னான், நம்பினேன். உன்னைப் பத்தி யார் எது சொன்னாலும் எனக்கு நம்பத் தோணும்."

"எனக்கும் அப்படித்தான்," என்றேன். "ஒரு போன் பண்ணி என்னைக் கேட்டிருக்கலாமே."

"நீ பண்ணினியா?"

பண்ணவில்லை. பத்து வருடத்தில் அவளிடம் நான் நேராகப் பேசியது மூன்று முறை இருக்கலாம். நல்லது கெட்டது எல்லாம் அவர் வழியாகத்தான் போய் வந்தது.

அப்போது கவுன்டரில் இருந்த எங்கள் இரண்டு போன்களும் அடுத்தடுத்து அதிர்ந்தன. என்னுடையதில்: 'அக்கா ஏதாவது சொன்னா மனசுல வச்சுக்காத. வயசாகுது.' அவளுடையதில்: 'அக்கா, அவ ஏதாவது உளறினா கண்டுக்காத. வேலையில டென்ஷன்.'

அவள் தன் போனை என் பக்கம் நகர்த்தினாள். நான் என்னுடையதை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வயசாகுதாம்," என்றாள்.

மணி எட்டு நாற்பது. மேலாளருக்கு ஒரு வரி தட்டெழுதி வைத்தேன். விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. பத்து வருடக் குடித்தனம். அவர் வராமல் போனால்?

"அனுப்பு," என்றாள் விசில்.

"நீங்க சொல்றீங்களா?"

"உனக்காகச் சொல்லல. நீ போகாம நின்னுட்டா, நாத்தனாராலதான் என் வாழ்க்கை போச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லுவ. அந்தப் பழி எனக்கு வேணாம்."

"அவர் வரலைன்னா?"

"அது உன் பாடு, அவன் பாடு. என் வீட்டு வாசல்ல வந்து நின்னான்னா நான் கதவைத் திறக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால செய்ய முடியும்."

அனுப்பினேன். சமையல்காரர் அடுத்த துண்டை வைத்தார். கடைசித் துண்டு வரை, சோறு ஆறுமுன் எடுத்து வாயில் போட்டுச் சாப்பிட்டு முடித்தோம்.

வெளியே கணவர் காரில் சாய்ந்தபடி நின்றிருந்தார். "என்ன, பெரிய சண்டையா?" என்றார். அவர் குரலில், சண்டையாக இருக்க வேண்டுமே என்ற ஆசைதான் தெரிந்தது.

"நான் வர்றேன்னு எழுதி அனுப்பிட்டேன்," என்றேன். "ஒண்ணாம் தேதி சேரணும். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். எதுவானாலும் உங்க வாயால சொல்லுங்க."

அவர் அக்காவின் முழங்கையைப் பிடித்து இரண்டடி ஒதுக்கினார். "அவ சொல்றத அப்படியே நம்பாதக்கா..." என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். இரண்டடிதான். ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா ஏதோ கோபத்துல..."

"நானும் இங்கதான்டா நிக்கறேன்," என்றாள் விசில்.

எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்ல அவரிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

"நான் டாக்ஸி சொல்லியிருக்கேன்," என்றாள் அவள்.

"கார் இருக்கேக்கா."

"ரெண்டு டாக்ஸி. இவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "உன்கூட ஒரே வண்டியில வர எனக்கு இஷ்டமில்ல."

"எனக்கும்தான் அண்ணி," என்றேன்.

முதலில் வந்த வண்டியில் நானே ஏறிக்கொண்டேன்.