தண்ணீர் கேட்டு வந்தவர்கள்

அன்று காலை துசோவுக்கு ஒரே ஒரு காரியம்தான் ஒழுங்காக நடக்க வேண்டியிருந்தது. பத்து மணிக்குள் அக்கா மொசிடியின் வீட்டில், கோட்டு போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா மகள் பொனோலோவைப் பெண் கேட்டு வருகிறார்கள். தாய்மாமன் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். யானைக்காட்டு முகாமில் வழிகாட்டியான இவனுக்கு விடுப்பு கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு முறை மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு திரும்பியிருந்தார்கள். இந்த முறையும் மாமனைக் காணோம் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கும் மானம் இருக்கிறதல்லவா.

பெண் கேட்க விடியற்காலையில் வருவதுதான் முறை. இவனுக்காகப் பத்து மணிக்குத் தள்ளிவைத்தார்கள். எட்டு மணிக்கு முகாம் ஓட்டுநர் மொடிசே குளத்தங்கரைக்கு வண்டி கொண்டுவருவான். அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யானைகளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

துசோ களைத்திருந்தான். நாற்பத்து மூன்று நாளாக ஒரு நாள்கூட ஓய்வில்லை. அக்டோபர் வெயில் வேறு ஆளை உருக்கி எடுத்தது. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. இருந்தாலும் வெளிச்சம் வருமுன்பே ஈர யானை லத்தியை எடுத்து வந்து பதுங்குகுழியின் விளிம்பெங்கும் பூசினான். விருந்தாளிகள் ஒளிந்திருந்து படமெடுக்கக் குளத்தங்கரை மண்ணில் புதைத்த இரும்புப் பெட்டி அது. உள்ளே இருக்கும் மனித வாடை வெளியே போகக்கூடாது. கண்ணுக்கு நேரே நீளமான ஒரு திறப்பு. அதற்கு நாலடி தள்ளித் தண்ணீர். பின்பக்கம் சரிவாக இறங்கும் பாதை ஒன்றுதான் உள்ளே வரவும் வெளியே போகவும்.

அன்றைய விருந்தாளி ஆர்ன. டென்மார்க்கில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு நாளாக இந்தக் குழிக்குள் உட்கார்ந்து புறாவையும் பன்றியையும் மட்டுமே படம் பிடித்திருந்தார். இன்று அவருக்குக் கடைசி நாள்.

"பையைத் திறங்க சார்."

"தினமும் இதே பாட்டா? வெடிகுண்டா வச்சிருக்கேன்?"

"வெடிகுண்டுன்னா பரவாயில்ல சார். ஆரஞ்சுப் பழம்தான் கூடாது."

ஆரஞ்சு வாசனை பட்டால் யானை வண்டிக் கதவையே பிய்த்துவிடும். பதினோரு வருடத்தில் ஒரு பழத்தைக்கூட அவன் உள்ளே விட்டதில்லை. அன்றும் பையைத் துழாவிப் பார்த்துத் திருப்திப்பட்டான். பிறகு தன் கோட்டைத் திறப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான். தன் கோட்டு என்று சொன்னேனே, அது அவனுடையதல்ல. சமையல்காரன் பாஷியிடம் இரவல் வாங்கியது. கோட்டு போடாத ஆண்பிள்ளையைப் பெண் பேசும் சபையில் யாரும் மதிக்கமாட்டார்கள். துசோவிடம் சொந்தக் கோட்டு கிடையாது.

ஏழரைக்கு யானைகள் வந்தன. சத்தமே இல்லை. திறப்பு இருண்டதும் பார்த்தால், கைநீட்டினால் தொடும் தூரத்தில் பாதங்கள். ஆர்ன மூச்சுவிட மறந்து படமெடுக்கத் தொடங்கினார். கிழிந்த காதுக் கிழவிதான் கூட்டத்தின் தலைவி. துசோவுக்கு அவளைப் பதினோரு வருடமாகத் தெரியும். அவள் நேராகப் பின்பக்கப் பாதையில் போய் அடைத்துக்கொண்டு நின்றாள்.

எட்டானது. மொடிசேயின் வண்டி தொலைவில் ஒரு மேட்டில் வந்து நின்றது. யானை இருக்கும்போது கிட்டே வரக்கூடாது. குழியிலிருந்து யாரும் வெளியே போகவும் கூடாது. எட்டரையானது. ஒன்பதானது. மற்ற நாளில் அரைமணியில் போய்விடும் கூட்டம் அன்று என்னவோ நகர மறுத்தது. இரும்புப் பெட்டி சூடேறிச் சட்டை முதுகோடு ஒட்டியது. சத்தமில்லாத கைபேசியில் அக்காவின் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

"எங்கடா இருக்க?"

"வந்துட்டாங்க. வேலிக்கு வெளியே தரையில உக்காந்திருக்காங்க."

"நீ யானைக்குத்தாண்டா தாய்மாமன். எங்களுக்கு இல்ல. அப்பாவைப் புதைக்கும்போதும் அங்கதான கிடந்த."

அது உண்மை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். ஆர்ன அவன் முகத்தைக் கவனித்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"என்னாச்சு?"

துசோ இரண்டே வாக்கியத்தில் சொன்னான்.

"அட, முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அந்தத் தகரக் குவளையால ஒரு தட்டு தட்டுங்க, ஓடிடும். எனக்குப் படம் போதும்."

போதும் என்று சொல்லும் விருந்தாளியை அவன் அதுவரை பார்த்ததில்லை. குவளையைக் கையிலெடுத்தான். ஒரே தட்டு. பெட்டி முழுக்க இடி இடித்ததுபோல் இருக்கும். பத்தே நிமிடத்தில் வண்டியில் ஏறிவிடலாம்.

கையை ஓங்கினான். எதிரே ஒரு குட்டி முன்கால்களை மடக்கி, வாயாலேயே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தும்பிக்கையால் உறிஞ்ச இன்னும் அதற்குத் தெரியவில்லை. விலா எலும்பு எண்ணும்படி இருந்தது. அடுத்த தண்ணீர் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி.

"மிரட்டிட்டா கிழவி இந்தப் பக்கமே ஒரு மாசம் வரமாட்டா சார்," என்றான் மெதுவாக. "அந்தக் குட்டி ஒரு மாசம் தாங்காது."

குவளையைக் கீழே வைத்தான். வைத்ததற்காகத் தன்மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொனோலோ புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு உள்ளறையில் காத்திருப்பாள். அழ வேண்டும்போல் இருந்தது, அதற்குக்கூடத் தெம்பில்லை.

பத்தேகாலுக்குக் கிழவி பின்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். தும்பிக்கை திறப்புக்குள் நுழைந்தது. ஆர்னவின் தொப்பியை மோந்தது, வேண்டாமென்று விட்டது. நேராக ஆணிக்குப் போய்க் கோட்டின் பையைத் தடவியது. அப்போதுதான் துசோவுக்கும் அந்த ஆரஞ்சு வாசனை எட்டியது. பாஷி பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைப் பைக்குள் போடுகிற ரகம். ஊரார் பையையெல்லாம் துழாவியவன் தான் இரவல் வாங்கிய கோட்டின் பையைத் துழாவவில்லை. இவ்வளவு நேரமும் கூட்டம் நகராமல் நின்றது இதற்காகத்தான்.

கோட்டு வெளியே போனது. கிழவி அதை மண்ணில் போட்டு மிதித்து, தோலைத் தேடித் தின்றாள். பிறகு ஒற்றைக் கை மட்டும் மிஞ்சிய கிழிந்த கோட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தாள். கூட்டம் பின்னால் போனது. பாதை காலியாகிவிட்டது.

வண்டியில் மொடிசே அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"கோட்டு எங்கண்ணே?"

"போட்டுக்கிட்டுப் போகுது பாரு."

"அதுதான் பொண்ணு பேசப் போகுதா?"

துசோவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்னவை முகாமில் இறக்கிவிட்டு நேரே ஊருக்கு ஓட்டச் சொன்னான்.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஆண்கள், ஐந்து பேருமே கோட்டு போட்டிருந்தார்கள். துசோ லத்திக்கறை படிந்த சட்டையோடு வேலியைத் திறந்தான். தோளில் சால்வை சுற்றிய மொசிடி அவனைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று அவன் நினைத்தான்.

அவள் ஒரு கறுப்புக் கோட்டோடு திரும்பி வந்தாள்.

"அப்பா துணிமணியப் பங்கு வச்சப்போ உனக்கு ஒதுக்கினது. வாங்க நீதான் வரல. ரெண்டு வருசமா பெட்டியில கிடக்கு."

"அக்கா..."

"பேசாத. கையை நீட்டு."

அவளே போட்டுவிட்டாள், சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல. தோள் அவனுக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.  அப்பாவின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

மாப்பிள்ளையின் மாமன் கிழவர், நரைத்த தாடிக்காரர், மறுபடியும் தரையில் உட்கார்ந்தார். பெண் வேண்டும் என்று நேரடியாகக் கேட்கும் வழக்கம் கிடையாது.

"தாகமா வந்திருக்கோம் ஐயா. இந்த வீட்டுல தண்ணிக் குடுவை ஒண்ணு இருக்குன்னாங்க. கேட்டு வாங்கிட்டுப் போக வந்தோம்."

அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று பெண்ணின் மாமன் இரண்டு முறையாவது விரட்ட வேண்டும். மூன்றாவது முறை கேட்ட பிறகே இளகலாம். மொசிடி கண்ணாலேயே ஜாடை காட்டினாள்.

துசோ அந்த ஐந்து பேரையும் பார்த்தான். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து உதடு வெடித்திருந்தது. கிழவரின் முழங்காலில் புழுதி.

"இருக்கு," என்றான். "உள்ள வாங்க."

மொசிடி தலையிலடித்துக்கொண்டாள். ஆனால் தண்ணீர் கேட்டு வந்தவர்களை விரட்ட அன்று காலையிலேயே அவனுக்குக் கை வரவில்லை.