வாங்கன்னு ஒரு வார்த்தை

அண்ணாதுரைக்குப் பழமொழி இல்லாமல் பல்கூட விளக்க வராது. நன்னிலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர். அதில் அவருக்கு ஐந்து மா நஞ்சையும், அதைவிட விஸ்தாரமான ஒரு வாயும் சொத்து. நாற்று விடுவதற்கு ஒரு பழமொழி, மடை திறப்பதற்கு ஒன்று, மழை பெய்தால் ஒன்று, பெய்யாவிட்டால் வேறொன்று. கோயில் திருவிழாவில் மைக் அவர் கைக்குப் போனால் சாமி புறப்பாடு முடிகிறவரை திரும்பி வராது. ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல இடைவெளி கிடைத்தால்தானே சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை அவருடைய மகள் வானதி, இந்த ஆவணியில் வாயைக் கட்டிப் போட்டுவிட்டாள்.

வானதிக்கு நாகப்பட்டினத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. அதே கிளையில் வேலை பார்க்கும் இளம்பரிதியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. இளம்பரிதிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அண்ணாதுரை கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்தார். மகள் அசையவில்லை. பிறகு அந்தப் பையனைப் பற்றி வங்கிக்குப் போய் வருகிறவர்களிடம் விசாரித்தார். எல்லோரும் நல்ல மாதிரியாகச் சொன்னார்கள். கடைசியில், சரி, வந்து பெண் கேட்கச் சொல் என்று இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு.

திங்கட்கிழமையே வானதி அவரை உட்காரவைத்துவிட்டாள்.

"அப்பா, அவங்க வர்ற அன்னிக்கு உங்க பழமொழி மூட்டையில பாதிய எறக்கி வச்சிடணும்."

எந்தப் பாதி என்று அவர் கேட்டார். குருடன் வருவது, செவிடன் வருவது, நொண்டி வருவது, ஊமை வருவது எல்லாம் என்றாள். அண்ணாதுரை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பாதி இல்லை, முக்கால்வாசி போயிற்று. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அதெல்லாம் பெரியவர்கள் சொல்லி வைத்தது, அது முட்டாள்தனத்தைச் சொல்கிறதே தவிர மனுஷனைச் சொல்லவில்லை என்று வாதாடினார். இன்றைக்கு இதை எடுத்தால் நாளைக்குக் கழுதையும் காக்காயும் மனுக் கொடுக்கும், அதையும் எடுத்துவிட்டுத் தமிழை மொட்டை அடித்து உட்கார வைக்க வேண்டியதுதான் என்றார்.

"கழுதை பேங்க்குல வந்து வேலை பாக்கலப்பா. இவரு பாக்கிறாரு. இவரு கவுண்டர் முன்னாடியே நின்னுகிட்டு, குருட்டுத்தனமா கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்றாங்க."

அதற்கும் அவர் ஏதோ பதில் வைத்திருந்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி மாலதி, பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கச் சொன்னாள்.

அண்ணாதுரைக்கு முகம் சுண்டிவிட்டது. விஷயம் இதுதான்: ஒரு சம்பா போகத்தில் அவர் களை பறிக்க ஆள் விட்டுவிட்டு டீக்கடையில் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் பாதி வயலோடு கரையேறிப் போய்விட்டார்கள். மீதிப் பாதியில் களை நெல்லுக்கு மேல் வளர்ந்து நின்றது. அதிலிருந்து பக்கத்து ஊரில் எந்த வேலை பாதியில் நின்றாலும், "அண்ணாதுரை களை பறிச்ச மாதிரி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாலம் பாதியில் நின்றாலும் அதுதான், படிப்பு பாதியில் நின்றாலும் அதுதான். அந்த ஊர் டீக்கடைப் பக்கமே அவர் போவதில்லை.

"அது வேற. அது என் பேரு," என்றார்.

"அவருக்கும் அந்த வார்த்தை பேரு மாதிரிதான்ப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு. பள்ளிக்கூடத்துலேருந்து."

அண்ணாதுரைக்குப் பதில் வரவில்லை. பதில் வராதது அவருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. அன்றிரவு மோர்சாதத்தோடு எழுந்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டால் மனிதர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். மகள் வாழ்க்கை தன் நாக்கு நுனியில் தொங்குகிறது என்று புரிந்துபோயிற்று. வரப்பில் நடக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார். வாய் தவறினால் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டார். போகப்போகப் பயம் முற்றிவிட்டது. 'கண்ணும் கருத்துமாக' சொல்லலாமா? 'பார்த்துக்கலாம்' என்றால் தப்பாகுமா? 'கண்ணு' என்று மகளைக் கூப்பிடுவது? வானதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கண், பார்வை, பார்ப்பது எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வீடு அமர்க்களப்பட்டது. மாலதியின் அண்ணன் வைரக்கண்ணு வேட்டி துவைத்துக் கட்டி முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டார். கேசரி, பஜ்ஜி, காபி வரைக்கும் யாரும் எதுவும் யோசிக்க மாட்டார்கள். இலை போட்டுச் சாப்பிடுவதுதான் கணக்கு. சம்மதம் இல்லாத வீட்டில் பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அதனால் மாலதி கத்தரிக்காய் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் பாயசமும் வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானதி முறைப்படி உள்ளறையில் இருந்தாள்.

கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் இளம்பரிதியின் அம்மா அகிலாண்டம். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, கலகலப்பான அம்மாள். "வாங்கம்மா, வாங்க வாங்க," என்று மாலதியும் அண்ணாதுரையும் ஒரே குரலில் அழைத்தார்கள். அடுத்தது இளம்பரிதி இறங்கி, மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலை ஒரு உதறு உதறி நீட்டினார். வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். அண்ணாதுரைக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

வாசலில் இரண்டு படி. யார் வந்தாலும் அண்ணாதுரை சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: படி இருக்கு, பாத்து வாங்க. அதுவே நாக்கு நுனிவரை வந்தது. 'பாத்து' அங்கேயே அவரைப் பிடித்து நிறுத்தியது. ஐயையோ என்று வாக்கியத்தை அப்படியே முழுசாக விழுங்கினார். விழுங்கிவிட்டு அகிலாண்டத்தின் பக்கம் திரும்பி, ரெண்டு படி இருக்குங்கம்மா என்றார். அது அந்த அம்மாள் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் இளம்பரிதியின் கட்டைவிரல் படியில் இடித்துவிட்டது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அதே கதைதான். தப்பாக ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணாதுரை எல்லாவற்றையும் அகிலாண்டத்திடமே கேட்டார். தம்பி காபி குடிப்பாரா, தம்பிக்குச் சர்க்கரை எவ்வளவு, தம்பி எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார். இடையிடையே மாற்றுத்திறனாளி என்ற சொல்லை விபூதி மாதிரி எல்லா வாக்கியத்திலும் பூசினார். அகிலாண்டம் முதலில், "அவன்கிட்டயே கேளுங்களேன்," என்று சிரித்தபடி சொல்லிப் பார்த்தார். பிறகு சிரிப்பு போய், தானே பதில் சொன்னார். வைரக்கண்ணு தன் பங்குக்கு இளம்பரிதியின் காதருகே குனிந்து, "ஊருல மழையா," என்று வாய்க்கால் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். அது ஒன்றுதான் அந்த வீட்டில் இளம்பரிதியிடம் நேராகக் கேட்கப்பட்ட கேள்வி.

வானதி வந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். இளம்பரிதியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாலதி கூடத்துக்கு வந்து, இலை போடலாமா என்று அகிலாண்டத்தைக் கேட்டாள். தம்பிக்கு ஸ்பூன் வேணுமா என்றும் கேட்டாள்.

இளம்பரிதி கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, கெளம்பலாம். நான் வந்தது இங்க யாருக்கும் தெரியாது போலருக்கு."

இளம்பரிதி குரலை உயர்த்தவில்லை. அம்மாவை வாங்க என்றார்கள். கார் ஓட்டி வந்த டிரைவரைக்கூட வாங்க தம்பி, காபி சாப்பிடுங்க என்றார்கள். "என்னைய ஒருத்தரும் வாங்கன்னு சொல்லல," என்றார்.

அண்ணாதுரைக்குத் தலையில் இடி இறங்கியது. இந்த ஒரு வார்த்தைக்காக வேதாரண்யத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுந்து, பசியோடு பஸ் ஏறி வந்தவர் அவர். வந்தவனை வாங்க என்று கேட்காத வீடும் ஒரு வீடா என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தவர். அவர் வீட்டு வாசலிலேயே, அவர் மகளைக் கேட்டு வந்த பிள்ளைக்கு அது நடந்துவிட்டது. அதுவும் அவர் வாயால்.

வானதி அழவில்லை, கெஞ்சவில்லை. "நெசமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விதான் அவரைத் தூக்கிவிட்டது. இளம்பரிதி அம்மாவோடு வாசல் படியை இறங்கிக் கார் பக்கம் போய்விட்டார். அண்ணாதுரை துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் பின்னாலேயே ஓடினார்.

"தம்பி, நில்லுங்க. 'பாத்து வாங்க'ன்னுதான் சொல்ல வந்தேன். 'பாத்து'ன்னா உங்களுக்குக் குத்துமோன்னு முழுங்கிட்டேன். கூடவே 'வாங்க'வும் உள்ள போயிருச்சு."

அகிலாண்டம்தான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. இளம்பரிதி சிரிக்கவில்லை. கார்க் கதவில் கை வைத்தபடி அவர் பக்கம் திரும்பினார்.

"நான் வானதியப் பாக்க வந்தேன்னுதான் சொல்றேன், மேட்ச் பாத்தேன்னுதான் சொல்றேன். வேற என்னன்னு சொல்றது? ஆனா குருட்டுங்கிறது வேற. அதச் சொல்லியே என்னைய வளத்தாங்க, அது எனக்கு வேணாம். நீங்க சொன்னா, சொல்லாதீங்கன்னு சொல்லுவேன். அதுக்குப் பயந்துகிட்டு எங்கிட்ட பேசாமலே இருந்தீங்கன்னா நான் எதத் திருத்துறது?"

நியாயம்தான் என்று அண்ணாதுரைக்குப் பட்டது. மனிதரைக் காப்பாற்றுகிறேன் என்று மனிதரையே விட்டுவிட்டோமே என்று மனசு நொந்தது. இதற்குள் மாலதி, வானதியோடு வைரக்கண்ணுவும் வந்து சேர்ந்து, அப்படியானால் செவிடன் காதில் சங்கு ஊதுவதைச் சொல்லலாமா கூடாதா என்று இளம்பரிதியின் காதிலேயே ஊதினார்.

"அத எங்கிட்ட கேக்காதீங்க," என்றார் இளம்பரிதி. "எங்க கிளையில குந்தவைன்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்குக் காது கேக்காது. அவங்களத்தான் கேக்கணும். எனக்குக் காது நல்லாவே கேக்குது, நீங்க மெதுவாவே பேசலாம்."

இந்தத் தடவை வானதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாதுரை சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு மாலதி கையிலிருந்த கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னிக்கு நான் உங்கள அழைச்சது, அண்ணாதுரை களை பறிச்ச மாதிரி ஆயிருச்சு. பாதியில நிக்குது. மீதியையும் பறிச்சு முடிச்சிடுறேன், ஒரு வாய்ப்புக் குடுங்க."

அந்தச் சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிற மனிதர். அதைத் தன் வாயாலேயே, தெருவில், மைத்துனர் முன்னாலும் டிரைவர் முன்னாலும் சொல்லிவிட்டார். இளம்பரிதிக்கு விளங்கவில்லை. வானதி விஷயத்தைச் சொன்னாள். டீக்கடை, பாதி வயல், பாதிப் பாலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அது உங்களுக்கு வலிக்கும்னா அதையும் விட்டுறலாமே," என்றார்.

"இது என்னைய நானே சொல்லிக்கிறது. எனக்கு உரிமை உண்டு. வேற எவனாச்சும் சொன்னா கேப்பேன்."

அதோடு அவர் விடவில்லை. நடந்தது நடந்ததாகவே இருக்கக் கூடாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். காரைத் தெருமுனைவரை பின்னுக்கு எடுத்துப் போகச் சொன்னார். அம்மாவையும் பிள்ளையையும் அதில் ஏற்றினார். டிரைவர் இப்படி ஒரு சவாரி தன் வாழ்நாளில் ஓட்டியதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அண்ணாதுரை துண்டைத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் முதன்முதலாகச் சம்பந்தியை எதிர்பார்ப்பவர்போல வாசலில் நின்றார்.

கார் வந்தது. அகிலாண்டம் சிரித்துக்கொண்டே இறங்கினார். இளம்பரிதி இறங்கிக் கோலை உதறினார். அண்ணாதுரை அவருக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"வாங்க மாப்ள. ரெண்டு படி இருக்கு, பாத்து வாங்க."

"வர்றேங்க மாமா," என்றார் இளம்பரிதி. அண்ணாதுரை கையைப் பிடித்து இழுக்கப் போனார். அப்படி வேண்டாம், உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று இளம்பரிதி சொன்னார். சரி என்று அண்ணாதுரை முழங்கையை நீட்டினார். கோல் ஒரு படியைத் தொட்டது, அடுத்த படியைத் தொட்டது, இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

இலை போட்டார்கள். மாலதி பழக்க தோஷத்தில் அகிலாண்டத்தின் பக்கம் திரும்பி, தம்பிக்கு ரசம் என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இலைக்கு முன்னால் வந்து நின்று, "மாப்ள, ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள்.

"சாம்பார் இன்னும் முடியலங்க அத்தை. நல்லாருக்கு. முடிச்சிட்டுச் சொல்றேன்."

அன்று மோர்வரைக்கும் அண்ணாதுரை வாய் மூடவில்லை. அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. குறுவை அறுவடை, நாகப்பட்டினத்து மீன் விலை, வைரக்கண்ணுவின் குறட்டை எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடமே சொன்னார். நடுவில் ஒரு தடவை வாய் தவறி அந்த வார்த்தை வந்துவிட்டது. "மாமா," என்றார் இளம்பரிதி, பாயசத்திலிருந்து தலை நிமிராமல். அண்ணாதுரை நிறுத்தினார். வேறு சொல் தேடினார். உடனே ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே பேசினார்.