சிட்டு சிரிக்கிறாள்

சலூன்காரருக்கு வாய்தான் மூலதனம். கத்திரி சும்மா துணைக்கு. நாற்காலியில் ஏறும் குழந்தை அழப்போகிறதா என்பதை அது தோளைத் தூக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். உடனே ஒரு பொய்த் தும்மல், ஒரு குரங்குக் குரல். குழந்தை சிரித்து முடிப்பதற்குள் முடி தரையில் கிடக்கும்.

அப்பேர்ப்பட்டவர், மகளின் தெரபிஸ்ட் கொடுத்த படிவத்தில் 'குழந்தைக்குப் பதற்றம் உண்டா?' என்ற கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்று அழுத்தி டிக் அடித்திருந்தார். மனைவி தன் படிவத்தில் 'பெரும்பாலான நாட்கள்' என்று போட்டிருந்தாள். ஒரே வீடு, ஒரே பிள்ளை. தெரபிஸ்ட் மூவரையும் கூப்பிட்டுவிட்டார்.

சிட்டுவுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பெண். பேச்சு அநேகமாக இல்லை. ஆனால் அப்பா கோமாளித்தனம் செய்தால் கலகலவென்று சிரிப்பாள். மகளோடு அவருக்கு வாய்த்த ஒரே பேச்சுவார்த்தை அதுதான். அதையும் யாராவது பிடுங்கிக்கொண்டால் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

"மிக்சி போட்டாலே காதைப் பொத்திக்கிறா மேடம்," என்றாள் மனைவி.

"நீ மிக்சி போட்டா நானுந்தான் பொத்திக்கிறேன். அதுக்குப் பேரு பதற்றமா? மேடம், என்கிட்ட அவ எவ்வளவு ஜாலியா இருக்கான்னு நீங்களே பாருங்க."

சிட்டு கீழே உட்கார்ந்து கலர் பென்சில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் தெரபிஸ்ட் கட்டிவிட்ட ஒரு பட்டை. அவளுடைய நாடித்துடிப்பு மேசைத் திரையில் 88 என்று ஓடியது.

சலூன்காரர் கன்னத்தை உப்பவைத்தார், கண்ணைக் கோணினார், கூரை அதிரத் தும்மினார். சிட்டு சிரித்தாள். இன்னொரு தும்மல். இன்னும் பலமாகச் சிரித்தாள்.

"பாத்தீங்களா?"

தெரபிஸ்ட் திரையை அவர் பக்கம் திருப்பினார். 139.

"கொஞ்சம் நிறுத்துங்க சார். அவ கையைப் பாருங்க."

இரண்டு கைகளும் கவுனைக் கசக்கிப் பிடித்திருந்தன. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. தோள்கள் காது வரை ஏறியிருந்தன. வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அவர் கடை வாசலிலேயே கண்டுபிடித்திருப்பார்.

"எல்லாச் சிரிப்பும் பயம்னு நான் சொல்லல. ஆனா சில பிள்ளைங்களுக்குப் பதற்றம் இப்படியும் வெளிய வரும். அடுத்த சத்தம் எப்போ வரும்னு அவளுக்குத் தெரியாதில்ல?"

சலூன்காரர் வாயில் மூன்று பதில்கள் வரிசையில் நின்றன; மூன்றுமே வேடிக்கையானவை. மூன்றையும் விழுங்கினார். எண் 118-க்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து 96. சிட்டு பச்சைப் பென்சிலை எடுத்து நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கும் இது தெரியாதுங்க," என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "நீங்க அவளைச் சிரிக்க வைக்கிற நேரம் பாத்துதான் நான் நிம்மதியா குளிக்கப் போவேன்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் சிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா அவளுக்குப் பின் இருக்கையில். அவருடைய போனில் சிட்டு சிரிக்கும் வீடியோக்கள் நாற்பது இருந்தன. வாடிக்கையாளர்களிடம் காட்டிப் பெருமையடிப்பதற்கென்றே சேர்த்தவை. சத்தத்தை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவற்றில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னத்தைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"கை விரிஞ்ச மாதிரி ஒண்ணு."

"கிடைச்சுதா?"

"இன்னும் இருபத்தொம்போது இருக்கு."