அசிட் தடவிய புண்

ரப்பர் பாலை உறைய வைக்கிற தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிற ஆளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு நாற்றம் புதிதில்லை. என் வீட்டுக்காரர் வேலுசாமி வேலை விட்டு வந்தால், ஆளுக்கு முன்னால் ஒட்டுப்பால் வாடை லயத்து வீட்டுக்குள் வந்துவிடும். அதனால்தான் மாதக்கணக்காக ஏமாந்தேன். அடைமழை பிடித்து ஒரு வாரம் பால்வெட்டு இல்லை, ஸ்டோரும் பூட்டிக் கிடந்தது. அப்போதும் அவரிடம் செத்த எலி வாடை அடித்தது.

அவர் இடுப்புச் சாரத்தை உருவிப் பார்த்தேன். ஆணுறுப்பின் நுனியில் சதை பூக்கோவா மாதிரி முடிச்சு முடிச்சாக வெடித்துச் சீழ் வடிந்தது. சுற்றிலும் தோல் வெந்து கறுத்திருந்தது. பால் உறைய வைக்கிற அசிட்டில் தண்ணீர் கலந்து தடவி வந்தாராம். தோட்டத்தில் சொறி, படைக்கு அப்படித் தடவுகிறவர்கள் உண்டு. இதையும் படை என்று நினைத்தாராம். எனக்குக் குமட்டியது. வெட்கப்பட்டே அதை இவ்வளவு பெரிதாக வளர்த்து வைத்திருந்த மனுஷனைப் பார்க்க இன்னும் குமட்டியது.

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சதையில் துண்டு எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. கவட்டில் இன்னும் கட்டி தட்டுப்படவில்லை. இப்போதே நுனிப்பக்கத்தை வெட்டி எடுத்தால் பெரும்பாலானவர்கள் பல வருஷம் நன்றாக இருக்கிறார்கள். கவட்டுக்குப் போய்விட்டால் பிழைப்பவர்கள் குறைவு. வெட்டுவதற்கு நாளும் குறித்துத் தந்தார்.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் அவருடைய அண்ணன் சண்முகநாதன் வந்தார். தோட்டத்துச் சங்கத் தலைவர். கல்யாணமோ சாவோ, அவர் வாய்தான் முன்னால் போகும்.

“அத வெட்டிக்கிட்டு வந்து என்னா பொழப்பு தம்பி? ஆம்பளையா பொறந்தோம், ஆம்பளையாவே போயிருவோம்.”

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டதற்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். இரண்டு பேர் முகத்திலும் காறித் துப்பலாம் போல இருந்தது.

நான் தினமும் புண் கழுவுகிற சுடுதண்ணீர்ச் சட்டியையும் துணியையும் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்தேன்.

“அப்ப நீங்களே கழுவி விடுங்க மாமா. சாகுற வரைக்கும் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. நான் இனி தொட மாட்டேங்க.”

சொல்லிக்கொண்டே சாரத்தை விலக்கினேன். வீட்டுக்காரர் தடுக்க வந்தார், கையைத் தட்டிவிட்டேன். அண்ணன் ஒரு தரம்தான் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை வாசலோரத் தண்ணீர்க் கானில் வாந்தி எடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போனார்.

அவர் ஓங்கரித்த சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது. வீட்டுக்காரர் சாரத்தை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

“நாளைக்கு பஸ்ஸு எத்தன மணிக்கு புள்ள?” என்றார் கடைசியில்.

வெட்டினார்கள். கவட்டுக்குப் போயிருக்கவில்லை. மூன்றாவது வருஷம் நடக்கிறது, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். உட்கார்ந்துதான் ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். வைத்துக்கொள்ளட்டும். செத்தவன் எவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.