சிவப்புக் கோட்டில் பதினான்கு நாள்

கிழக்கு வெளுப்பதற்குள் நூறு சட்டி கான்கிரீட் மேலே போய்விட்டது. தை மாதத்துப் பனி மலைமேல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இரும்புத் தகட்டில் ஜல்லியையும் மணலையும் சிமெண்டையும் புரட்டிய மண்வெட்டிகளின் சத்தம் ஓடையின் இரு கரைகளிலும் மோதித் திரும்பியது. சாரத்தில் பதினெட்டுப் பேர் வரிசையாக நின்று சட்டிகளைக் கைமாற்றினார்கள். நடுவில் நின்ற பாஞ்சாலையின் நெற்றியில் சிமெண்டுத் தண்ணீர் வழிந்து கண்ணைக் கரித்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"நிறுத்தாதீங்க! பாதியில வுட்டா ஒட்டு வுழும். ஒரே மூச்சுல முடியணும்!" மேலே நின்று கத்தினார் மேஸ்திரி சந்தியாகப்பன். அடிவாரத்து ஊர்க்காரர். முப்பது வருஷமாகக் கரணை பிடித்த கை.

ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற சாலையில், ஓடையின் குறுக்கே இரண்டு கண் பாலம். போன ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது பஸ் ஒன்பது நாள் கீழ்க்கரையிலேயே நின்றது. புளியும் சாமையும் சந்தைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தன. அதனால் இந்த வேலைக்கு மலைக்கிராமத்து ஆட்கள் கூப்பிடாமலே வந்தார்கள். அவர்கள் பஸ் போகப் போகிற பாலம்.

வெயில் உச்சிக்கு வந்தபோது முதல் கண்ணின் தளம் முடிந்தது. பாஞ்சாலையின் தம்பி சின்னராசு, தளத்தின் அடிப்பலகைகளைத் தாங்கி நின்ற சவுக்கு முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். முட்டு கொடுப்பதும் எடுப்பதும் அவன் வேலை.

"இனிமே பதினாலு நாளு யாரும் கிட்ட போவக் கூடாது" என்றான். "தண்ணி மட்டும் ஊத்து. அதுவா இறுகட்டும்."

அந்தப் பதினான்கு நாள், தகரக் கொட்டகையின் சுவரில் ஒட்டியிருந்த பெரிய வரைபடத்திலும் இருந்தது. வரைந்தவன் சைட் சூப்பர்வைசர் அமலநாதன். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்த முதல் வேலை இது. வட்டங்கள், வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்புகள். ஒவ்வொரு அம்பும் ஒரு வேலை. பக்கத்தில் அது எத்தனை நாள் பிடிக்கும் என்ற எண். எது முடிந்தால் எது தொடங்கலாம் என்பதை அந்த அம்புகள் சொல்லும். 'நெட்வொர்க்' என்பான் அவன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு பாதை மட்டும் சிவப்புப் பென்சிலில் தடித்து ஓடியது. அந்தப் பாதையில் ஒரு நாள் பிசகினால் பாலம் திறப்பும் ஒரு நாள் பிசகும்.

மறுநாள் காலை காண்ட்ராக்டர் ஆதிநாராயணனின் ஜீப் வந்தது. அவர் கொட்டகைக்குள் போய் வரைபடத்தின் முன் நின்றார். பாஞ்சாலை வாசலில் சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"மந்திரி வர்ற தேதி ரெண்டு வாரம் முன்னால வந்துடுச்சி. இந்த சார்ட்டை மாத்துப்பா."

"எதுலங்க குறைக்கிறது?"

"இதுல இன்னா, பதினாலு நாளு, யாரும் வேலையே செய்யல? அப்புறம் ரெண்டாவது கண்ணுக்கும் பதினாலு. சும்மா இருக்குறதுக்கா நான் காண்ட்ராக்ட் எடுத்தேன்? ஏழு ஏழாப் போடு. கணக்கு சரியாப் போச்சி."

"அது சும்மா இல்லீங்க. கான்கிரீட் இறுகுற நேரம். இந்தக் குளிருல இன்னும் மெதுவாத்தான் இறுகும்."

"காகிதத்துல எழுதுனவன் நீதானே? அழிச்சிட்டு எழுது."

"காகிதத்துல அழிக்கலாங்க..."

ஆதிநாராயணன் திரும்பிப் பார்த்தார். அமலநாதன் வரைபடத்தின் பக்கம் போனான். ரப்பரை எடுத்தான்.

*

ஏழாம் நாள் காலை. சின்னராசு ஓரத்து முட்டின் அடியில் இருந்த ஆப்பைச் சுத்தியால் தட்டி எடுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதைத் தட்டியபோது தளத்துக்குள் காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தவன் பின்னால் தாவினான். வலது கால் மட்டும் தாவவில்லை. ஓரத்தில் இரண்டு முழ அகலத்துக்குத் தளம் முறிந்து பலகையோடு இறங்கியது.

கடப்பாரைகளைக் கொடுத்துப் பத்துப் பேர் நெம்பித்தான் அவனை இழுக்க முடிந்தது. முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல எதுவும் இல்லை. அவன் மனைவி அம்மாக்கண்ணு முந்தானையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்த சத்தம் பாஞ்சாலைக்குக் கேட்டது.

சாயங்காலம் வந்த ஆதிநாராயணன் தொங்கிய கம்பிகளைப் பார்த்தார். "காலங்காத்தால குடிச்சிட்டு வந்திருப்பான். முட்டு எடுக்கத் தெரியாதவன எவன் வுட்டது?"

"எந்தம்பி காலையில சாமைக் கஞ்சிதாங்க குடிச்சான். நான்தான் ஊத்துனேன்" என்றாள் பாஞ்சாலை. "வேற இன்னா குடிச்சான்னு நீங்க பாத்தீங்களா?"

அவர் சந்தியாகப்பன் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, ஓரத்தப் பூசி வுடு. பலகைய எடுத்து ரெண்டாவது கண்ணுல போடு. வேலை ஓடுனாத்தான் ஆஸ்பத்திரிய நான் பாத்துக்குவேன். நின்னா எனக்குப் பொறுப்பில்ல."

சின்னராசு அப்போது அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்காகத்தான் அவர்கள் வேலைக்கு இறங்கினார்கள். மிச்சமிருந்த தளத்துக்குப் பாறைக்கல் அடுக்கி அண்டை கொடுத்துவிட்டு, பலகைகளை இரண்டாவது கண்ணுக்கு மாற்றினார்கள். பனியில் மறுபடியும் சாரத்தில் ஏறினார்கள். சட்டிகள் கைமாறின. உடைந்த ஓரத்தை மட்டும் சந்தியாகப்பன் பூசவில்லை. கேட்டபோதெல்லாம் "மணலு சரியில்ல" என்றார்.

இரண்டாவது கண்ணுக்கு நான்காம் நாள். சின்னராசின் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள் என்று அம்மாக்கண்ணு சொல்லி அனுப்பினாள். ஆதிநாராயணன் அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை என்றும் சொல்லி அனுப்பினாள்.

பாஞ்சாலை தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே கொட்டகைக்குள் போனாள். அமலநாதன் எழுந்து நின்றான். தளம் முறிந்த நாளிலிருந்து அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசியிருக்கவில்லை.

"எந்தம்பி காலு இதுல எந்த எடத்துல போச்சி, காட்டுங்க சார்."

அவன் விரல் ஓர் அம்பில் போய் நின்றது. ரப்பர் தேய்ந்து காகிதம் மங்கிய இடத்தில் ஏழு என்று எழுதியிருந்தது.

"அவரு சொன்னாரு. நான் எழுதுனேன்."

"எழுதுன கை உங்களுதுதானே?"

"என்னுதுதான்" என்றான். கண் கலங்கியது. அவள் அதற்கு இளகவில்லை.

"இந்தப் பக்கம் கோடு கறுப்பா இருக்குதே, அது இன்னா?"

"மண்ணு கொட்ற வேலை. அதுக்குப் பத்து நாள் அவகாசம் இருக்குது. தள்ளிப்போனாலும் திறப்பு தள்ளிப் போவாது. கைப்பிடிச் சுவருக்குக் கல்லு செதுக்குறதுக்கு எட்டு நாள் அவகாசம். சிவப்புக் கோட்டுக்கு மட்டும்தான் ஒரு நாள்கூடக் கிடையாது."

அவள் எழுத்துப் படித்தவள் இல்லை. ஆனால் அந்த அம்புகளில் ஓடிய வேலை ஒவ்வொன்றையும் தன் தலையிலும் தோளிலும் சுமந்தவள். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள்.

"மொதல் கண்ணு இறுகற வரைக்கும் ரெண்டாவது கண்ணு ஏன் காத்துக்கினு இருக்குது? ரெண்டுக்கும் தூணு ஒண்ணாத்தானே முடிஞ்சிது?"

"பலகையும் முட்டும் ஒரு செட்டுதான் இருக்குது. அங்க பிரிச்சாத்தான் இங்க போட முடியும்."

"இன்னொரு செட்டு இருந்திருந்தா?"

அமலநாதன் அம்புகளின் எண்களைக் கூட்டிப் பார்த்தான். "ரெண்டு கண்ணையும் ஒரே வாரத்துல போட்டிருக்கலாம். ரெண்டுக்கும் பதினாலு நாள் ஒண்ணாவே ஓடியிருக்கும். அவரு கேட்ட தேதிக்கே முடிஞ்சிருக்கும்."

"பின்ன ஏன் வரல?"

"கேட்டேன். கீழ படவேட்டுல அவரு கட்ற கல்யாண மண்டபத்துக்கு வேணும்னாரு."

பாஞ்சாலையின் விரல் அந்த ஏழின் மேலேயே நின்றது. "கொறை பலகையில. போனது எந்தம்பி காலு" என்றாள்.

மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தவர்களிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கே எல்லா வேலையையும் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இரண்டு பேர் எழுந்தார்கள். சந்தியாகப்பன் கையமர்த்தினார்.

"மண்ணு வேலைய நிறுத்துனா அவருக்கு ஒறைக்காது. பத்து நாள் அவகாசம்னு அந்தப் படமே சொல்லுது. வேலை செய்யாத பசங்கன்னு நம்மளத்தான் பேசுவாரு. மத்த எல்லா வேலையும் நடக்கட்டும். அந்தச் சிவப்புக் கோட்டுல மட்டும் போயி நிப்போம். பதினாலு நாளைக்கு முன்னால ஒரு முட்டு மேலயும் கை படக் கூடாது."

"உடைஞ்ச கண்ண இடிச்சிட்டுப் புதுசாப் போடணும்" என்றாள் பாஞ்சாலை. "பூசி மறைச்சா நாளைக்கு பஸ்ஸுல போற நம்ம சனம்தான் வுழும். சின்னராசு வேலையிலதான் அடிபட்டான்னு அவரு எழுதிக் குடுக்கணும். இன்னொரு செட்டு பலகை வரணும்."

அன்றைக்கே ஆதிநாராயணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வேறு கோரிக்கை எதுவும் அவர்கள் வைக்கவில்லை.

*

இரண்டாவது கண்ணுக்கு ஏழாம் நாள் விடிந்தபோது மண் கொட்டுகிறவர்கள் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கல் செதுக்குகிறவர்களின் உளிச்சத்தம் ஓயவில்லை. இரண்டாவது கண்ணின் அடியில், முட்டுக்கு ஓர் ஆளாக, பதினோரு பெண்களும் ஒன்பது ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆதிநாராயணனுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதில் எட்டுப் பேர், கையில் கடப்பாரையோடு.

"வெளிய வாங்க எல்லாரும்!"

"ஏழு நாள் கழிச்சி வர்றோங்க" என்றார் சந்தியாகப்பன்.

"யோவ், உனக்கு எத்தினி வருஷமா வேலை குடுத்துக்கினு இருக்கேன்?"

"குடுத்தீங்க. செஞ்சோம். இத்தச் செய்ய மாட்டோம்."

"மந்திரி தேதிக்கு யாரு பதில் சொல்றது?"

பாஞ்சாலை எழுந்து நின்றாள். ஒரு கை முட்டின் மேல் இருந்தது. "எந்தம்பி கேட்டா யாரு பதில் சொல்றது? காலு எங்க அக்கான்னு கேட்டானாம். மண்டபத்துப் பலகையில இருக்குதுன்னு சொல்லட்டுமா?"

அவர் முகம் கறுத்தது. "மண்டபத்தப் பத்தி உனக்கு யாரு சொன்னது?"

"நான்தாங்க."

அமலநாதன் கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தான். சுவரிலிருந்து பிரித்தெடுத்த வரைபடம் கையில் இருந்தது. அதை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தான். எல்லோரும் பார்க்க, சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்சிலால் இரண்டு ஏழுகளையும் அடித்துப் பதினான்கு என்று எழுதினான். கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைத்தான்.

"இன்னொரு செட்டு வந்தா, உடைஞ்ச கண்ண இடிச்சிப் போட்டாலும் பங்குனிக் கடைசியில முடிச்சிடலாங்க. மந்திரி தேதி மாறுறதுக்கு முன்னால வச்ச அதே தேதி. வழி இதுல இருக்குது."

"உன் வேலை போச்சி. தெரியுதா?"

"தெரியுங்க. இப்படியே தாலுகா ஆபீஸுக்கு எடுத்துக்கினு போறேன். ஏழுன்னு ஏன் எழுதுனேன்னு நானே சொல்லிடறேன்."

ஆதிநாராயணன் லாரிப் பக்கம் திரும்பினார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? எறங்கி முட்ட எடுங்க!"

எட்டுப் பேரும் இறங்கினார்கள். அவர்களுக்கு மூத்தவன் ரங்கசாமி முன்னால் வந்தான். முதல் கண்ணில் கம்பி தொங்கிய இடத்தை அண்ணாந்து பார்த்தான். அடியில் கல்லில் காய்ந்து கறுத்திருந்த கறையையும் பார்த்தான்.

"இது எத்தினி நாள்ல எடுத்தது மேஸ்திரி?"

"ஏழு."

"இது?"

"இன்னியோட ஏழு."

ரங்கசாமி கடப்பாரையைத் தரையில் ஊன்றினான். "மண்டபத்து வேலையிலேருந்துதான் எங்களக் கூட்டியாந்தாரு. முட்டு எடுக்குற சின்ன வேலைன்னாரு. அங்க மேல்தளம் போடவே இன்னும் ரெண்டு மாசம் ஆவும். பலகையும் முட்டும் செவுத்துல சாஞ்சி கெடக்குது. நாங்கதான் மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கோம்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"ரங்கசாமி, வேலையப் பாரு" என்றார் ஆதிநாராயணன். குரல் முன்போல இல்லை.

"வேணாங்க மொதலாளி. எங்க ஆளுங்க தலையிலயும் இதுதான் வுழும். நாளைக்கு மண்டபத்துலயும் நீங்க ஏழு நாளுன்னு சொல்லுவீங்க." அவன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். ஒருவனும் நகரவில்லை. "இந்தப் பலகை மலையேறுற வரைக்கும் மண்டபத்துலயும் வேலை கெடையாது."

"போலீஸக் கூட்டியாரேன். ஒருத்தன் மிஞ்ச மாட்டீங்க!"

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. வரைபடம் காற்றில் பறந்து விழுந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிய இரண்டு பெண்கள் அதை எடுத்து மண்ணைத் தட்டி, சுருட்டி, அமலநாதனிடம் கொடுத்தார்கள். அவன் கீழ்க்கரையில் நின்ற பஸ்ஸைப் பார்த்து நடந்தான். கல்வேலைக்காரர் இருவர் உளியை வைத்துவிட்டு, கேட்காமலே அவனோடு கூட நடந்தார்கள்.

எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. சின்னராசுக்கு ஒரு வரி எழுத்து இல்லை. பலகை படவேட்டில்தான் இருந்தது. இன்னும் ஏழு பகல், ஏழு இரவு இருந்தன. யார் யார் எப்போது வந்து காவல் இருப்பது என்று சந்தியாகப்பன் பேர் கேட்டார். பேர்கள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்துக் கிராமத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பேர் கொடுத்தார்கள்.

"எங்க எட்டுப் பேரையும் சேத்துக்குங்க" என்றான் ரங்கசாமி. "ஆனா தங்க எடம் இல்ல."

"எங்க வூட்டுல எடம் இருக்குது" என்றாள் பாஞ்சாலை.

வெயில் ஏறியது. பிற்பகலில் கீழே, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், இரண்டு வண்டிகள் திணறிக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. மண்வெட்டிகள் நின்றன. உளிகள் நின்றன. கரையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து கண்ணின் அடியில் இடம் தேடினார்கள். முட்டுக்கு ஓர் ஆளாக இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர் இருந்தார்கள். பாஞ்சாலை சற்று ஒதுங்கி ரங்கசாமிக்கு இடம் விட்டாள்.

ஆதிநாராயணனின் ஜீப்பும் பின்னால் போலீஸ் வண்டியும் கடைசி வளைவைத் தாண்டின. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.