மெதுவாகப் போன அம்புலன்ஸ்

நோர்வூட் பசாரில் அவசரக்காரர்கள் எல்லோரும் கிஷாந்தின் ஆட்டோவைத்தான் தேடுவார்கள். பஸ்ஸைத் தவறவிட்ட டீச்சர், ஹட்டனில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர், அரசாங்க ஆபீசான கச்சேரியில் முதல் ஆளாய்ப் போய் நிற்க வேண்டியவர், எல்லோரும் "கிஷாந்த் இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். முன்னால் போகிற எந்த வண்டியையும் அவன் நெடுநேரம் முன்னால் போக விட்டதில்லை. வளைவுகளில் ஹோர்ன் அடித்துக்கொண்டே வெட்டித் திருப்புவான். இறங்குகிறவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திட்டினால், அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான்.

அன்றும் ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டிலிருந்து போன் வந்தது. அவன் மனைவி கௌசிக்கு ஏழாம் மாதம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் வலி தாங்காமல் மலையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். சவாரியை இறக்கிவிட்டு ஓடினான். பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்ச நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. விரித்த இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்குகிற குழந்தை.

"இவ்வளவு சின்னப் பிள்ளையை இங்கே வைத்துப் பார்க்க வசதியில்லை. நுவரெலியாவுக்கு அனுப்புகிறோம்" என்றார் டொக்டர். கௌசி எழுந்திருக்கக்கூட முடியாத நிலையில் இருந்தாள். "நீங்க கூடப் போங்க. அவள விட்டுறாதீங்க" என்றாள்.

அம்புலன்ஸின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை. பக்கத்தில் நிஷாந்தி என்ற நர்ஸ். முன்னால் டிரைவர் ஜனகன், அவனுக்குப் பக்கத்தில் கிஷாந்த். சாலை நனைந்திருந்தது. ஹட்டனைத் தாண்டும்போதே கிஷாந்துக்குக் கால் பரபரத்தது.

"சைரன் போடலையா அண்ணே?"

"வேணாம்னு நர்ஸ் மிஸ் சொல்லிட்டாங்க தம்பி. லைட் போதும்."

கொட்டகலையில் ஒரு லொறி அவர்களை முந்திக்கொண்டு போனது. பின்னால் வந்த வேன் முந்தியது. ஜனகன் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒவ்வொரு வளைவுக்கும் வெகுமுன்னதாகவே வேகத்தைக் குறைத்து, தண்ணீர்க் குடம் சுமக்கிறவனைப் போல ஓட்டினான். ஒரு பழைய ஆட்டோ முந்திப்போனபோது கிஷாந்துக்குத் தாங்கவில்லை.

"தோட்டத்துப் புள்ளன்னா இவ்வளவுதானேண்ணே? டவுன்ல ஒரு முதலாளி வீட்டுப் புள்ளயா இருந்தா இந்நேரம் பறந்திருப்பீங்க."

ஜனகன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவன்தான் தம்பி. எங்கப்பா அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. மிதிக்க எனக்கும் தெரியும். ஏன் மிதிக்கலன்னு மிஸ்கிட்ட கேளு."

இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக நிஷாந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் கோபப்படவில்லை.

"பாப்பா மூச்சு நல்லா வாங்குறா. எனக்குப் பயமெல்லாம் தலையிலதான்" என்றாள்.

"தலையிலயா? அடி ஒண்ணும் படலையே மிஸ்."

"அடி படணும்னு இல்ல. மாசத்துக்கு முந்திப் பொறக்குற புள்ளைங்களுக்கு மூளைக்குள்ள இருக்குற ரத்தக் குழாய் ரொம்ப மெலிசு. நமக்குன்னா ரத்தம் கூடக் குறையப் பாஞ்சாலும் மூளை அதச் சமாளிச்சுக்கும். இவளுக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரல. வண்டி தூக்கிப் போட்டா, சட்டுனு பிரேக் அடிச்சா, சத்தத்துக்குப் பயந்து அழுதா, ரத்தம் ஒரேயடியா ஏறி இறங்கும். குழாய் தாங்காமப் பிஞ்சுரும். உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா உசுருக்கே ஆபத்து வரலாம். பொழச்சாலும் நடக்குறதுக்குப் பேசுறதுக்குக் கஷ்டப்படலாம். மொத ரெண்டு மூணு நாள்தான் ரொம்பக் கவனமா இருக்கணும்."

"மெதுவா போனா வராதா மிஸ்?"

"வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம கையில இருக்குறத நம்ம செய்யுறோம்."

கிஷாந்த் திரும்பிப் பார்த்தான். துணியைச் சுருட்டிக் குழந்தையின் தலைக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்திருந்தார்கள். தலை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக இருந்தது. நிஷாந்தியின் ஒரு கை பெட்டியின் துவாரத்துக்குள் போய்க் குழந்தையின் கால்களை மெல்ல அணைத்துக்கொண்டிருந்தது.

தலவாக்கலை தாண்டியதும் பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் டிரைவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. சத்தம் கேட்டுக் குழந்தை இரண்டு கைகளையும் உதறி விரித்தது. முகம் சுருங்கியது. "இல்ல தங்கம், ஒண்ணுமில்ல" என்று நிஷாந்தி மிக மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் வளைவிலேயே முந்தி, அம்புலன்ஸின் மூக்கை உரசுவதுபோல் வெட்டி உள்ளே வந்தது. ஜனகன் முன்கூட்டியே இடம் விட்டிருந்ததால் பிரேக்கை அழுத்த வேண்டி வரவில்லை.

அந்த வெட்டு கிஷாந்துக்கு நன்றாகத் தெரிந்த வெட்டு. அதே போல் அவன் எத்தனையோ வண்டிகளை முந்தியிருக்கிறான். அந்த வண்டிகளுக்குள் யார் இருந்தார்கள் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

நானுஓயாவுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. மழையில் சரிந்த மண் பாதிச் சாலையை இழுத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த பாதியில் கல்லும் பள்ளமும்தான். அதைப் பார்த்ததும் ஜனகனின் முகம் மாறியது. "இதுல எப்பிடிப் போனாலும் குலுக்கும் மிஸ்" என்றான்.

கிஷாந்த் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

தூறலில் ஓடிப்போய், சக்கரம் போகும் தடத்தில் கிடந்த கற்களைக் கையாலேயே புரட்டித் தள்ளினான். முன்னால் அதே பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி செய்யுற?" என்றார்.

"அம்புலன்ஸ்ல எம் புள்ள இருக்குண்ணே. இன்னைக்குத்தான் பொறந்துச்சு. ஆட்டம் பட்டா தலைக்குள்ள ரத்தம் கசியுமாம்."

கண்டக்டர் அம்புலன்ஸைப் பார்த்தார். பிறகு தன் டிரைவரைப் பார்த்தார். காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். டிரைவரும் இறங்கினார். இதைப் பார்த்துப் பயணிகள் இறங்கினார்கள். சாலை வேலைக்காரர் ஒருவர் சிங்களத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, தள்ளுவண்டியில் சரளைக்கல் கொண்டுவந்து பள்ளங்களில் கொட்டினார். கைகளாலும் மண்வெட்டியாலும் அதைச் சமப்படுத்தினார்கள். இரண்டு பெண்கள் வரிசையின் பின்பக்கமாக நடந்துபோய், ஹோர்ன் அடிக்க வேண்டாமென்று ஒவ்வொரு வாகனமாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

பஸ்ஸும் மற்ற வண்டிகளும் ஒதுங்கி வழிவிட, அம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. அதன் முகத்தைப் பார்த்தபடி கிஷாந்த் பின்னோக்கி நடந்தான். "இந்தப் பக்கம் அண்ணே... கொஞ்சம்... நேரா..." இரண்டு பக்கமும் சேற்றுக் கைகளோடு ஆட்கள் நின்றார்கள். நல்ல சாலையில் சக்கரம் ஏறியதும் நிஷாந்தி ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அந்த பஸ் அம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வந்தது. யாரையும் முந்த விடாமல், நடுச் சாலையில் காவல்காரனைப் போல நுவரெலியா வரைக்கும் வந்தது.

அடுத்து வந்த நாட்களில் குழந்தையின் உச்சந்தலை வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கிஷாந்த் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி ஸ்கேனுக்குப் பிறகு டொக்டர் வந்து, "எங்கேயும் ரத்தக் கசிவு இல்லை. பயணத்திலும் நன்றாகக் கவனித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்" என்றார். அதற்குள் கௌசியும் வந்து சேர்ந்திருந்தாள். "நம்ம ஆளுதான் ஓட்டுனாரு. லயத்துல பொறந்தவரு" என்று கிஷாந்த் அவளிடம் சொன்னான். அன்றே ஜனகனுக்குப் போன் செய்தான். தான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டான். "அத விடு தம்பி. பாப்பா பால் குடிக்குதா?" என்றான் ஜனகன்.

பல வாரங்கள் கழித்து, எடை கூடிய மகளை வீட்டுக்கு அழைத்துப் போகும் நாள் வந்தது. கிஷாந்தோடு பசாரில் வண்டி ஓட்டும் அழகன் வேன் கொண்டுவந்திருந்தான்.

"ஏறு மச்சான். ரோடும் சரி பண்ணிட்டாங்க. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள நோர்வூட்ல இருப்பம்."

கௌசி குழந்தையோடு ஏறி உட்கார்ந்தாள். கிஷாந்த் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அழகனின் தோளில் கை வைத்தான்.

"வேணாம் அழகா, பைய்ய போ. எவன் முந்துனாலும் விட்டுரு. முந்திப் போறதுதான் பெருமன்னு நானும் இத்தன வருசம் நெனச்சேன். ஒரு உசுர அலுங்காமக் கொண்டுபோய்ச் சேர்க்குறான் பாரு, அவன்தான் டிரைவர். முன்னால போற வண்டிக்குள்ள யாரு படுத்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் வழி விடணும்."