ஏறாத முள்

மீட்டர் கண்ணாடியில் சந்தனம் அப்பியிருந்தது. அப்துல் சுபான் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை.

உடனே எஞ்சினை நிறுத்தினான்.

"என்ன பாய், ஆயுத பூசைல தின்ன பொரி செரிக்கலியா வண்டிக்கு?" என்றான் படியில் நின்ற கண்டக்டர் பச்சியப்பன்.

"முள்ளு ஏறல. ஆயில் வரல போல."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் ஷெட் வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்த முதலாளி சென்றாயனுக்குக் கேட்டுவிட்டது. ஆயில் என்ற சொல் அவரைத் தூக்கத்திலும் எழுப்பிவிடும். ஜெர்மனிக்காரனோடு சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலுக்குக் கரி உண்டு, ஆயிலுக்கு மாற்று கிடையாது. பர்மிட்டில் வரும் டின்னை அவர் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். முன்பிருந்த டிரைவர் எஞ்சினிலிருந்து ஆயிலை இறக்கி விற்றுவிட்டுப் புங்க எண்ணெயை ஊற்றி வைத்தான். பேரிங் உருகி வண்டி ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடையில் கிடந்தது. அதிலிருந்து எந்த டிரைவரைப் பார்த்தாலும் அவருக்கு அவன் ஞாபகம்தான்.

குச்சியைத் துப்பிவிட்டு வந்தார்.

"முள்ளு ஏறலியா? ஆயில் எங்க போச்சு?"

"அதத்தாங்க பாக்கணும்."

"நீ என்னத்தப் பாக்கறது? பூசைக்கு மொத நாளு சாயங்காலம் வண்டியக் கழுவி உட்டவன் நீ. நேத்து முழுக்க வண்டி இங்கயே நிக்குது. எவங்கிட்ட வித்த?"

பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பென்னாகரம் சந்தை நாள். உள்ளே இடமில்லாமல் ஆட்களும் மூட்டைகளும் கோழிக்கூடைகளுமாக அடைந்திருந்தது.

சுபானுக்குக் காது சூடேறியது. முள் ஏறவில்லை என்று வாயைத் திறந்தவனே அவன்தான். சொல்லாமல் ஓட்டியிருந்தால் இந்நேரம் இண்டூரைத் தாண்டியிருப்பான். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. திருடுகிறவன் கூவிச் சொல்லிவிட்டா திருடுவான்?

"மொதலாளி, நான் வித்தேன்னா அத நானே எதுக்குங்க சொல்றேன்?"

"வண்டி வழில நின்னா மாட்டிக்குவேன்னு இங்கயே சொல்லிக்கற. உங்க சூட்சுமமெல்லாம் பாத்தவன்டா நான். திருட்டு நாயே."

அந்தக் கடைசிச் சொல்லைத் தெருமுனை வரை கேட்கும்படி சொன்னார். எதிர்த்த காப்பிக் கடையில் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். அதில் ஒருவர் சுபானின் மாமனார் வீட்டுத் தெருக்காரர். மத்தியானத்துக்குள் மனைவி அமீருன்னிசாவின் காதுக்குப் போய்விடும்.

சுபான் இறங்கினான். பானெட்டைத் திறந்தான். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, சென்றாயனின் மூக்குக்கு நேராக நீட்டினான். கோடு வரைக்கும் கறுப்பாக நனைந்திருந்தது.

"கோட்டுக்கு நிக்குது. பாருங்க."

"புங்க எண்ணெய ஊத்துனாலும் கோட்டுக்குத்தான் நிக்கும்."

"மோந்து பாருங்க."

"உன் எண்ணெய நான் மோக்கறதா?"

கூடையிலிருந்த கோழியைத் தலையில் தட்டி அமர்த்திவிட்டு, முன் பெஞ்சியிலிருந்த கிழவி கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். சந்தை தவறாமல் வருகிற சென்னம்மாள்.

"இங்க குடு பாயி. எங்க வூட்டு வெளக்குல தெனம் எரியறது புங்க எண்ணெதான். எனக்குத் தெரியாத நாத்தமா?" முகர்ந்தாள். "கரி நாத்தம்தான் வருது. புங்கன் இல்ல இது."

"நீ சும்மா குந்து ஆயா. இது மோட்டார் சமாச்சாரம்."

"நானும் டிக்கெட்டு வாங்கிட்டுத்தான் குந்தியிருக்கறேன்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். சென்றாயனுக்கு மூக்கு விடைத்தது. "பச்சியப்பா, போயி சவுரியப்பன இட்டா. அவன் ஓட்டட்டும். இவன் ஓட்டுனது போதும்."

பச்சியப்பன் படியைவிட்டு இறங்கினான். ஆனால் நகரவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்துகொண்டான்.

எஞ்சின் பக்கத்திலிருந்து, டிரைவருக்கு முன்னால் இருக்கும் பலகைக்குப் பின்னால் மீட்டர் வரைக்கும், ஈர்க்குச்சிப் பருமனில் ஒரு செம்புக் குழாய் போகும். எஞ்சினில் ஆயில் அழுத்தத்தோடு ஓடினால் அது இந்தக் குழாய் வழியாக வந்து முள்ளைத் தூக்கும். சுபான் எஞ்சின் பக்கத்து மறையைத் திருகிக் கழற்றி, குழாயை ஒதுக்கினான்.

"பச்சியப்பா, எஞ்சினப் போடு. கொஞ்ச நேரந்தான்."

எஞ்சின் உறுமியதும் திறந்த வாயிலிருந்து ஆயில் பீச்சியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சென்றாயனின் பூசை வேட்டியில் வயிற்றிலிருந்து முழங்கால் வரை கறுப்புக் கோடு விழுந்தது.

"நிறுத்து!" என்று சுபான் கத்தினான். பிறகு முதலாளியைப் பார்த்தான். "ஆயில் இருக்குது. பம்பும் அடிக்குது. வேணும்னா வேட்டியப் புழிஞ்சு பாருங்க."

"வேணும்னே அடிச்சிருக்கற!"

"வேணும்னு அடிக்கறதா இருந்தா வேட்டில அடிச்சிருக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

எஞ்சினில் குற்றமில்லை. அப்படியானால் குழாய், இல்லையென்றால் மீட்டர். சீட்டுக்கு முன்னால் பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்து, மீட்டர் பக்கத்து மறையையும் கழற்றி, குழாயின் நுனியை வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியதுதான் மிச்சம். காற்று போகவில்லை. கரிப் புழுதி ஆயிலில் கலந்து அடைத்திருக்கும் என்று நினைத்தான். குழாயோடு விரலை ஓட்டிக்கொண்டே போனான். பாதியில் சுருக்கென்றது. விரலை எடுத்துப் பார்த்தான். ரத்தம்.

ஆணி.

பலகையின் முன்பக்கத்தில் அந்த ஆணியில்தான் கண்ணாடி போட்ட பெருமாள் படம் தொங்கியது, சாமந்தி மாலையோடு. காலையில் ஏறும்போதே புதுப் படம் என்று பார்த்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. பின்பக்கம் நீண்டு வந்த ஆணி, செம்புக் குழாயை அங்கிருந்த இரும்புப் பட்டையோடு சேர்த்து நசுக்கி வைத்திருந்தது. நின்ற வண்டியில் நசுங்கிய குழாய். முள் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது.

எழுந்து உட்கார்ந்தான். "இந்த ஆணிய அடிச்சது யாரு?"

பச்சியப்பன் இப்போது செருப்பை விட்டுவிட்டான். "மொதலாளிதான் பாய். தேங்கா ஒடச்ச கல்லாலயே அடிச்சாரு. நான் சுத்தி எடுத்தாரேன்னேன், வேணாம்னுட்டாரு."

சுபான் சிரித்தான். சிரிப்பு மாதிரி இல்லை அது. "வாங்க மொதலாளி. கைய உட்டுப் பாருங்க. உங்க ஆயிலத் திருடுனவன் இங்க நிக்கறான்."

சென்றாயன் பார்க்கவில்லை. சுபான் படத்தை எடுக்கக் கையைத் தூக்கினான்.

"சாமி படத்துல கை வெக்காத!"

கை அந்தரத்தில் நின்றது. சுபான் கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். இந்த வண்டியின் நெற்றியில் சந்தனம் வைக்க, வருஷா வருஷம் பூசைக்கு முதல் நாளே இடம் துடைத்துக் கொடுப்பவன் அவன். அப்போதெல்லாம் அந்தக் கை ஆகாத கையாக இருந்ததில்லை.

"நான் வெக்கல. நீங்களே எடுங்க."

"பூசை போட்ட மறுநாளு எடுக்கறதா? எடுக்க மாட்டேன். முள்ளு இல்லாமயே ஓட்டு."

"முள்ளு இல்லாம ஓட்டி நாளைக்கி பேரிங் போனா, அப்பவும் திருடன் நான்தானே?"

பின்னால் அடுப்பில் கரி சடசடவென்று வெடித்தது.

சென்னம்மாள் கோழிக்கூடையைப் பக்கத்தில் இருந்தவன் மடியில் தள்ளிவிட்டு, தடுப்புக் கம்பிக்கு மேல் எக்கி, படத்தைக் கயிற்றோடு கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தாப்பா மொதலாளி, சாமி எங்கிட்ட வந்துட்டாரு. அங்க இருக்கறது வெறும் இரும்பு. புடுங்கு பாயி, சந்த கலைஞ்சுரும்."

சுபான் குறட்டால் ஆணியைப் பிடுங்கினான். தட்டையாகிக் கிடந்த குழாயை ஓரங்களில் குறட்டால் பிடித்து அழுத்தினான். அவசரப்பட்டால் பிளந்துவிடும். நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி அழுத்தினான். ஊதிப் பார்த்தான். காற்று போனது. இரண்டு மறைகளையும் முடுக்கிவிட்டு எஞ்சினைப் போட்டான்.

முள் ஒரு தரம் துடித்தது. பிறகு ஏறி நடுக்கோட்டுக்கு மேல் நின்றது.

"ஏறிட்டுது!" என்று பச்சியப்பன் கத்தினான்.

சென்றாயன் வேட்டியைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். "சரி சரி. எடு வண்டிய. நேரமாச்சு."

சுபான் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தான்.

"என்னடா?"

"தெரு மொன வரைக்கும் கேக்கற மாதிரி ஒண்ணு சொன்னீங்க. அதே சத்தத்துல இன்னொண்ணு சொல்லுங்க. அப்பறம் எடுக்கறேன்."

"பச்சியப்பா, விசில் ஊது."

பச்சியப்பன் விசிலை வாயில் வைத்தான். அது வெறுமனே உதட்டில் இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கரி எரிந்துகொண்டிருந்தது. சென்றாயன் அடுப்பைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், காப்பிக் கடையைப் பார்த்தார். கரி வீணாகப் புகைந்து போவதை நின்று பார்க்கிற மனிதர் அல்ல அவர்.

"ஆயில் இருக்குது," என்றார்.

"கேக்கல."

"ஆயில் இருக்குதுடா! நீ எடுக்கல!"

காப்பிக் கடையில் நின்றிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சுபான் கியரைப் போட்டான்.

இண்டூர் வரைக்கும் அவன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பச்சியப்பன் இரண்டு தரம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்து விட்டுவிட்டான். ஒவ்வொரு மேட்டிலும் சுபான் ஆக்ஸிலேட்டரைத் தேவைக்கு மேல் மிதித்தான்.

"பாயி," என்றாள் சென்னம்மாள், "சாமிய எங்க மாட்டறது?"

"உங்க மடியிலயே இருக்கட்டும் ஆயா. திரும்பி வரப்ப எறங்கி மொதலாளி கையில குடுங்க." பையிலிருந்து வளைந்த ஆணியை எடுத்துப் பின்னால் நீட்டினான். "இதையும் சேத்து."